முத்தையன்கட்டுக் கூட்டத்துக்குப் போக முன்னம்

வட்டக்கச்சி,
மாசி மாதக் கடைசி.

அன்பின் மச்சானுக்கு,

கூட்டத்தில் பேசப் போவதாய் எழுதிய உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். காலபோக வெட்டு முடிந்து விறாந்தை முழுக்க நெல்லு மூட்டைதான். வெட்டு மெசின் ஒரு பொழுதுக்குள் வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு வீதியோரத்தில் பரவிக் காயவிடுகிற பாடுதான் பெரும்பாடு. இந்த முறை மாசியிலும் மழை எட்டிப் பார்த்ததால் படங்கை விரிக்கிறதும் சுருட்டுகிறதுமாய் நாள் போனது. விளைச்சல் பரவாயில்லை. மூத்தவள் அறிவியல் நகரில் விவசாய பீடத்தில் கடைசி வருடம். அவளும் தன் ஆய்வைப் பற்றி வகுப்பில் பேச வேண்டியிருக்கிறது, அதனால் எங்கள் வீட்டிலும் இப்போது இந்தக் கதைதான்.

நீ அனுப்பிய கோப்பை அவளுடைய லப்டொப்பில் போட்டு முழுக்கப் பார்த்தேன். கோடையில் செய்கிற சிறுபோகத்துக்கு முன்னம் முத்தையன்கட்டுக் குளத்து விவசாயிகளுக்கு, குறைந்த தண்ணீரில் நெல் செய்கிற முறையைப் பற்றி அரை மணித்தியாலம் பேசப் போகிறாய். நேரத்துக்கு ஏற்ற விசயம். மாரியில் செய்கிற காலபோகத்துக்கு வானம் கை கொடுக்கும். சிறுபோகம் குளத்தை நம்பித்தான். ஆனால் மச்சான், புரொஜெக்டரில் போட்டுக் காட்ட 46 படங்கள் செய்து வைத்திருக்கிறாய். காலநிலை மாற்றம், வன்னிக் குளங்களின் வரலாறு, 1960 இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம், வேறு நாடுகளின் புள்ளிவிபரம் என்று வரிசையாய் வந்து, நீ சொல்ல வந்த விசயம் 31 ஆவது படத்தில்தான் தலை காட்டுகிறது. அதற்குள் சனத்தின் மனம் மாட்டுப்பட்டியிலும் அடுப்படியிலும் நிற்கும்.

உன் விசயம் என்ன? வயலில் எந்நேரமும் தண்ணீர் நிற்கத் தேவையில்லை, எப்போது பாய்ச்ச வேண்டும் என்பதை ஒரு துண்டுக் குழாய் காட்டித் தரும். அவ்வளவுதானே? கூட்டம் முடிந்து போகிறவர்களில் ஒரு பத்துப் பேர் தங்கள் வயலில் ஒரு குழாயைத் தாட்டுப் பார்த்தால் உன் பேச்சு வென்றது. கேட்டவர் அடுத்த நாள் காலையில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரியில் எழுதி வை. பிறகு ஒவ்வொரு படமாய் எடுத்து, இது அந்த வரிக்கு உதவுகிறதா என்று கேள். உதவாததைக் கழற்று. இரவிரவாய்த் தேடி எடுத்த தகவலைக் கழற்ற மனம் வராதுதான். அழிக்க வேண்டாம், வேறொரு கோப்பில் போட்டு வை. யாராவது கேள்வி கேட்டால் அங்கேயிருந்து எடுத்துச் சொல்லலாம்.

இனி அங்கே வந்து இருக்கப் போகிறவர்களைப் பற்றி. இதைத்தான் நீ இன்னும் யோசிக்கவில்லை என்று எனக்குப் படுகிறது. கமக்காரர் அமைப்பின் தலைவரும் செயலாளரும் முன் வரிசையில் இருப்பார்கள். அவர்களுக்கு உன் விசயத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். நடுவில் இருக்கிறவர்கள் வாய்க்காலின் தலைப்பில் வயல் உள்ளவர்கள் என்றால் தண்ணீர் சேமிக்கிற கதை அவர்களுக்கு அவ்வளவு தைக்காது, ஏனென்றால் அவர்களுக்குத் தண்ணீர் எப்படியும் வந்து சேரும். வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவர்தான் உன் ஆள். அவர் ஒவ்வொரு சிறுபோகத்திலும் முறை வைத்துக் காத்திருந்து, இரவில் ரோச்லைற்றோடு வரம்பில் நடந்து களைத்தவர். தலைப்பில் ஒருவர் ஒரு முறை பாய்ச்சலைக் குறைத்தால் கடைசி வயலுக்கு என்ன கிடைக்கும் என்று நீ சொல்லத் தொடங்கினால் அவர் நிமிர்ந்து இருப்பார். அவர் நிமிர்ந்தால் தலைப்புக்காரரும் கேட்கத்தான் வேண்டும். பின்னால் பெண்கள் இருப்பார்கள். யுத்தத்துக்குப் பிறகு எத்தனை குடும்பங்களில் அவர்களே வயலையும் பார்க்கிறார்கள் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. கூட்டத்தில் வாய் திறப்பது குறைவு, ஆனால் கேட்டதைச் செய்து பார்க்கிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

கூட்டத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னம் ஒருக்கா ஒட்டுசுட்டான் பக்கம் போய் வா. தேத்தண்ணிக் கடையில் இருந்து, போன சிறுபோகம் எப்படி என்று கேள். யாருக்குத் தண்ணீர் எட்டவில்லை, எந்த வாய்க்கால் உடைந்து கிடக்கிறது என்பதெல்லாம் தானாக வரும். அங்கே கேட்ட ஒரு விசயத்தை வைத்துப் பேச்சைத் தொடங்கு. எங்கள் இடத்தை அறிந்த ஆள்தான் பேசுகிறார் என்று பட்டால் சனம் காது கொடுக்கும்.

அடுத்தது இலக்கங்கள். உன் படங்களில் தண்ணீர் எல்லாம் கன மீற்றரில் நிற்கிறது. இங்கே ஒரு கூட்டத்தில் ஒரு இளம் உத்தியோகத்தர் இப்படித்தான் கோடு கோடாய் வரைபடம் போட்டு விளக்கினார். கெட்டிக்காரப் பிள்ளை, சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. முடிந்ததும் ஒரு பெரியவர் எழும்பி, "தம்பி, உதெல்லாம் சரி, என்ர வயலுக்குத் தண்ணி வருமோ வராதோ, அதைச் சொல்லும்" என்றார். அந்தப் பிள்ளை திரும்பிப் படத்தைப் பார்த்தது, படத்தில் அதற்கு மறுமொழி இல்லை. கிளிநொச்சியில் யாரிடமும் இரணைமடுக் குளத்தில் தண்ணீர் 36 அடி என்று சொல்லிப் பார், குளம் நிரம்பிவிட்டது, வான்கதவு திறக்கப் போகிறார்கள் என்று உடனே சொல்வார்கள். அடியும் அங்குலமும் ஏக்கரும் அவர்கள் கையில் இருக்கிற கணக்கு. அதிலேயே பேசு.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஏக்கர் வயலில் ஒரு அங்குலத் தண்ணீர் நிற்க ஏறத்தாழ ஒரு இலட்சம் லீற்றர் வேண்டும். வெறுமனே இலட்சம் என்றால் யாருக்கும் பிடிபடாது. ஆனால் கோடையில் ஊருக்குக் குடிதண்ணீர் கொண்டு வருகிற பவுசரை எல்லோருக்கும் தெரியும், வாளியோடும் கானோடும் அதற்கு வரிசையில் நின்றவர்கள்தானே. 5,000 லீற்றர் பவுசர் என்றால் 20 பவுசர் தண்ணீர். "அம்மா, உங்கட ஒரு ஏக்கரில ஒரு அங்குலம் கூட விட்டால் இருபது பவுசர் போகுது" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் பேசாமல் நில். அவர்கள் மனதுக்குள் கணக்குப் பார்க்கட்டும். பேசத் தெரிந்தவர்களும் அந்த இடத்தில் பொறுக்காமல் அடுத்த வசனத்துக்கு ஓடிவிடுகிறார்கள்.

குழாயைப் படத்தில் காட்டாதே, கையில் கொண்டு போ. ஒரு அடி நீளத்துக்கு எஸ்லோன் (பிவிசி) குழாயை வெட்டி, கீழ்ப்பாதியில் சுற்றிவரத் துளை போடு. ஒரு பெரிய பிளாஸ்ரிக் வாளியில் வயல் மண்ணைப் போட்டுத் தண்ணீர் விட்டு, அவர்கள் முன்னால் குழாயைப் பாதி வரை தாட்டு, உள்ளே போன மண்ணை அள்ளிக் காட்டு. மண்ணுக்குக் கீழே தண்ணீர் எங்கே நிற்கிறது என்று யாரையாவது முன்னால் கூப்பிட்டு எட்டிப் பார்க்கச் சொல். வயலில் மேலே தண்ணீர் வற்றினாலும் கீழே வேருக்கு எட்டுகிற ஆழத்தில் இருக்கிறது என்று அவர் தன் வாயால் சொன்னால் நீ பத்துத் தரம் சொன்னதற்குச் சமம். தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே அரை அடிக்கு, அதாவது 15 சென்ரிமீற்றருக்கு இறங்கிய பிறகு திரும்பப் பாய்ச்சினால் போதும் என்று அப்போது சொல். இந்த முறையில் 30 வீதம் வரை தண்ணீர் மிஞ்சும் என்பதையும் சொல், ஆனால் "வரை" என்பதை விழுங்காமல் சொல். மண்ணைப் பொறுத்துக் கூடிக் குறையும். பயிர் இளசாய் இருக்கும்போது களை வராமல் இருக்க வயலில் தண்ணீர் நிற்கத்தான் வேண்டும், பூக்கிற காலத்தில் காயவிடவே கூடாது என்ற இரண்டையும் மறக்காமல் சொல்லு. நல்லதை மட்டும் சொல்லிவிட்டு வந்தால், யாராவது பூக்கிற நேரம் காயவிட்டுப் பதராய்ப் போன பிறகு அந்த ஊரில் உன் பேச்சு எடுபடாது.

நேரத்தைப் பற்றி ஒன்று. அழைப்பிதழில் உனக்கு அரை மணித்தியாலம் என்று போட்டிருப்பார்கள். விளக்கேற்றல், மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை, பிறகு பிரதம விருந்தினர் என்று போய், உன் முறை வரும்போது கால் மணித்தியாலம்தான் மிஞ்சும். இதில் கோபப்பட ஒன்றும் இல்லை, எங்கள் கூட்டங்கள் அப்படித்தான். கால் மணித்தியாலப் பேச்சாகவே ஆயத்தம் செய். மிச்ச நேரம் கிடைத்தால் கேள்விக்கு விடு. அந்தப் பக்கம் யானைத் தொல்லையும் இருக்கிறது, பொழுது சாயத் தொடங்கினால் சனம் கதிரை நுனிக்கு வந்துவிடும். முடிந்தால் கூட்டத்தைக் காலையில் வைக்கச் சொல்.

புரொஜெக்டரைப் பெரிதாக நம்பாதே. சுவர் அரைவாசிக்கு மேல் இல்லாத பொதுநோக்கு மண்டபத்தில் பட்டப்பகலில் படம் வெளிறித்தான் தெரியும். கரண்டும் எந்த நேரம் போகும் என்று தெரியாது. ஐந்து ஆறு படம் போதும். ஒரு படத்தில் ஒரு விசயம், எழுத்துப் பெரிதாக, கடைசி வாங்கில் இருக்கிற வயதானவர் கண்ணாடி இல்லாமல் வாசிக்கிற அளவில். கரண்ட் இல்லாமலும் பேசி முடிக்கக் கூடிய மாதிரி வைத்துக்கொள். வாளியும் குழாயும் இருந்தால் உனக்கு வேறு ஒன்றும் தேவைப்படாது. மைக்கை நீயே முன்கூட்டிப் போய்ப் பரீட்சித்துப் பார், கடைசி வரிசையில் ஒருவரை இருத்திக் கேட்கிறதா என்று கேள்.

பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். இருக்கட்டும், அது கெட்டதில்லை. முதல் இரண்டு மூன்று வசனத்தை மட்டும் பாடமாக்கு, மிச்சத்தைப் பாடமாக்காதே. பாடமாக்கினால் ஒரு சொல் தவறியதும் எல்லாம் தவறிவிடும். தொண்டையை ஈரமாக்கிக்கொண்டு எழும்பு. "எனக்குப் பெரிதாகப் பேச வராது" என்று தொடங்கவே கூடாது. வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிற சனத்துக்கு அது மரியாதை இல்லை. வீட்டில் வாய்விட்டுப் பேசிப் பழகு, மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது கணக்கில் வராது. தங்கச்சியை இருத்தி வைத்துப் பேசிக் காட்டு. முடிந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டால் நல்லாயிருக்கு என்றுதான் சொல்லுவா. என்ன விளங்கியது, திருப்பிச் சொல்லு என்று கேள். அவ எதை விட்டுவிட்டுச் சொல்லுகிறாவோ அந்த இடத்தைத் திருத்து. மூத்தவளுக்கும் இதைத்தான் செய்கிறோம். நேற்று அவளுடைய அம்மம்மா கேட்டுவிட்டுத் திருப்பிச் சொன்னதில் இருந்து அவள் முன்பகுதி முழுவதையும் மாற்றி எழுதிவிட்டாள்.

கேள்வி நேரத்தில் கட்டாயம் யாராவது உரமானியத்தையோ நட்டஈட்டையோ இழுப்பார்கள். அது உன் விடயம் இல்லை என்று வெட்டிவிடாதே. பல வருடமாகக் கேட்டு மறுமொழி கிடைக்காத ஆட்கள், மைக்கோடு ஒருவரைக் கண்டால் கேட்கத்தான் செய்வார்கள். முழுக்கக் கேள், கொப்பியில் எழுது, எழுதுவதை அவர் பார்க்கட்டும், யாரிடம் கொடுப்பாய் என்று சொல், சொன்னபடி கொடு. பிறகு உன் விசயத்துக்குத் திரும்பி வா. கேட்ட கேள்வியை மைக்கில் ஒருக்கா திருப்பிச் சொல்லிவிட்டு மறுமொழி சொன்னால் பின்னால் இருப்பவர்களுக்கும் விளங்கும். தெரியாததற்குத் தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்.

கூட்டம் முடிந்ததும் அதிகாரிகளோடு உள்ளே போய் இருந்துவிடாதே. வெளியே தேத்தண்ணி கொடுக்கிற இடத்தில் நில். உண்மையான கேள்விகள் அங்கேதான் வரும், பெண்கள் அங்கேதான் வந்து கேட்பார்கள். வெட்டித் துளை போட்ட குழாய்த் துண்டுகள் கொஞ்சம் கையில் வைத்திருந்து, பாய்ச்சுகிற முறையைப் பெரிய எழுத்தில் ஒரு பக்கத்துக்கு எழுதிச் சேர்த்துக் கொடு. குழாய்க்கு ஆகிற செலவில் பாதியை நான் தருகிறேன், மறுக்காதே. என்னிடம் பழைய குழாய் கொஞ்சம் கொட்டிலுக்குள் கிடக்கிறது, அளவு சரி என்றால் அதையும் வெட்டலாம்.

திகதி முடிவானதும் வட்ஸ்அப்பில் போடு. வெட்டின குழாயைச் சாக்கில் கட்டிக்கொண்டு மாங்குளம் வரை பஸ்ஸில் வருகிறேன், அங்கேயிருந்து உன் மோட்டார் சைக்கிளில் போகலாம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். அம்மாவின் முழங்கால் வலி எப்படி என்று நீ எழுதவில்லை, அடுத்த கடிதத்தில் கட்டாயம் எழுது.

இப்படிக்கு,
உன் பழைய சிநேகிதன்