புள்ளைங்க கூட வேலை பார்க்கிற எல்லாருக்கும், காரைக்குடியில இருந்து ஒரு டீச்சர்

வணக்கம். நம்ம செட்டிநாட்டுப் பக்கத்து டீச்சருங்க, அங்கன்வாடி அக்காமாரு, கிராம நர்ஸுங்க, போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கவங்க எல்லாருக்கும் எழுதுறேன். நானும் பள்ளிக்கூடத்துல இருந்து ரிட்டயர் ஆனவதான், ஒரு புள்ளைக்கு ஆபத்துன்னு தெரிஞ்சும் சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லாம இருந்த தப்புல எனக்கும் பங்கு இருக்கு.

நம்ம பக்கம் பெரிய வீடுங்க நெறைய பூட்டித்தான் கெடக்கு, சொந்தக்காரங்க எங்கெங்கயோ இருக்காங்க, காவலுக்கு ஒரு குடும்பம் பின்கட்டுல இருக்கும். அப்படி ஒரு வீட்டுல இருந்து வந்த புள்ள எங்கிட்ட ஏழாவது படிச்சுச்சு. மார்ச் வெயில்லயும் முழுக்கை சட்டைதான். போர்டுல எழுதக் கூப்பிட்டா, இடது கையால வலது கை சட்டைய மணிக்கட்டு வரைக்கும் இழுத்துப் புடிச்சுக்கிட்டே எழுதும். நான் பார்த்தேன், கேக்கல. நர்ஸம்மா எடை கொறஞ்சதப் பார்த்திருக்காங்க, தம்பி போற அங்கன்வாடியில அம்மா வீட்ட விட்டுப் போனது தெரிஞ்சிருக்கு, ஆளுக்கொரு துண்டு வச்சிருந்தோம் ஆனா ஒருத்தருக்கொருத்தர் வாயத் தொறக்கல. அடுத்தவங்க வீட்டு விசயம் நமக்கெதுக்கு வம்புன்னு இருந்துட்டோம். போதாததுக்கு வீடு புதுக்கோட்டை மாவட்டம், பள்ளிக்கூடம் சிவகங்கை மாவட்டம், இது யாரு எல்லைன்னு ஒரு சாக்கு வேற.

புள்ள ஆஸ்பத்திரியில கெடந்தப்பதான் அந்த மூணு துண்டும் ஒண்ணா சேந்துச்சு. அன்னைக்கு ராத்திரியே அதோட போட்டோ, பேரு, எந்த வளவுன்னு எல்லாம் ஊர் வாட்ஸ்அப் குரூப்ல வந்துருச்சு. சொல்ல வேண்டிய எடத்துல சொல்லல, சொல்லவே கூடாத எடத்துல கொட்டிட்டோம். இத நெனச்சா இன்னும் எனக்குத் தூக்கம் வரல.

சட்டம் ஒண்ணும் வாய மூடச் சொல்லலங்க. புள்ளைங்கள பாலியல் கொடுமையில இருந்து காக்குற 2012 போக்சோ சட்டம் 19வது பிரிவுப்படி பாலியல் குத்தம் நடந்திருக்குன்னு தெரிஞ்சா போலீஸ்ல சொல்லியே ஆகணும், அப்பா அம்மா சம்மதம் வேணும்னு அதுல எங்கயும் இல்ல, நல்ல எண்ணத்துல சொன்னவங்க மேல கேஸும் வராது, மறைச்சாத்தான் 21வது பிரிவுல தண்டனை. போலீஸும் 24 மணி நேரத்துக்குள்ள, புள்ளைங்க பாதுகாப்புக்குன்னு மாவட்டத்துல இருக்க குழந்தைகள் நலக்குழுவுக்குத் தெரியப்படுத்தணும். அடி, பட்டினி, பார்த்துக்க ஆளில்லாத புள்ளைன்னா 2015 இளைஞர் நீதிச் சட்டம் இருக்கு, அரசு ஊழியர், நர்ஸ், அக்கறை இருக்க யாருன்னாலும் புள்ளைய அந்தக் குழுகிட்ட கொண்டுபோகலாம். எந்த மாவட்டம்னு கொழம்புனா குழந்தைகள் உதவி நம்பர் 1098க்கு அடிங்க, ராத்திரியும் எடுப்பாங்க.

அந்த இளைஞர் நீதிச் சட்டத்தோட 74வது பிரிவுதான் பேரு, விலாசம், பள்ளிக்கூடம், போட்டோன்னு அடையாளம் தெரியற எதையும் வெளியிடக் கூடாதுங்குது, மீறுனா ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலு, இல்ல ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும்.

அதனால பார்த்தத தேதி போட்டு எழுதுங்க, புள்ள சொன்னத அது சொன்ன வார்த்தையிலயே எழுதுங்க, திரும்பத் திரும்பக் கேட்டு நோகடிக்காதீங்க. தேவையானத மட்டும், கேக்க உரிமை இருக்கவங்ககிட்ட மட்டும் குடுங்க, யாருகிட்ட எப்ப குடுத்தீங்கன்னு ஒரு வரி குறிச்சு வைங்க. ஸ்டாஃப் குரூப்ல போடவே போடாதீங்க.

ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கறதுக்கு முன்னாடி, எல்லையோரத்துல இருக்க ரெண்டு மாவட்டக்காரங்களும் ஒரு நாள் ஒக்காந்து, யாரு யாருகிட்ட சொல்றது, அந்த ஆள் லீவுன்னா அடுத்து யாருன்னு எழுதி வச்சுருங்க. எந்த ஊர்ல வச்சாலும் நான் வர்றேன்.