செயலாளரின் ஆண்டறிக்கை (2024 ஏப்ரல் – 2025 மார்ச்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், மூத்த பல் மருத்துவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் சக உறுப்பினர்களுக்கும் வணக்கம். நமது நகரப் பல் மருத்துவர் சங்கத்தின் ஆண்டறிக்கையை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயற்குழு ஆறு முறை கூடியது. அதில் ஒன்று போதிய உறுப்பினர்கள் வராததால் தள்ளிவைக்கப்பட்டது. இரண்டு பள்ளிகளில் பல் பரிசோதனை முகாம் நடத்தினோம். இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) பற்றிய தொடர்கல்வி வகுப்புக்கு நல்ல வருகை இருந்தது. மார்ச் 6 பல் மருத்துவர் தினத்தன்று குடும்ப விருந்து சிறப்பாக நடந்தது.

அடுத்து, கிளினிக்கிலேயே சர்க்கரை நோயைக் கண்டறியும் திட்டம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. செயலாளர் தன் விருப்பத்துக்கு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு சங்கத்தையும் இழுக்கிறார் என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது. ஏன் எடுத்தேன் என்பதை இங்கே சொல்லிவிடுவதுதான் முறை.

கடைவீதியில் டீக்கடை வைத்திருப்பவர் ஒருவர், நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர், கீழ்க் கடைவாய்ப்பல் ஆடுகிறது என்று என்னிடம் வந்தார். "சுகர் இருக்கா?" என்றேன். "இல்ல சார்" என்றார். கேஸ் ஷீட்டில் அப்படியே எழுதிக்கொண்டு, பல்லை எடுத்து அனுப்பினேன். பத்து நாள் கழித்து வந்தார். குழி மூடவே இல்லை. கழுவி மருந்து வைத்தேன். மூன்றாவது முறை வந்தபோதுதான், "கடைசியா எப்போ ரத்தம் பார்த்தீங்க?" என்று கேட்கத் தோன்றியது. "பார்த்ததே இல்ல சார். ராத்திரியில நாலஞ்சு தடவை எழுந்திருப்பேன், டீ குடிக்கிறதாலனு விட்டுட்டேன்" என்றார். பக்கத்து லேபில் எடுத்த ரேண்டம் சுகர், அதாவது சாப்பாட்டு நேரம் பார்க்காமல் எடுக்கும் ரத்தச் சர்க்கரை, 340. முதல் நாளே அவர் ஈறில் இரண்டு இடத்தில் சீழ்க்கட்டி இருந்தது. அதை நானே என் கையால் கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறேன். பல்லோடு முடிகிற விஷயம் என்று நினைத்துவிட்டேன்.

நம்மிடம் வருகிறவர் "சுகர் இல்லை" என்றால், பல நேரம் "பார்த்ததில்லை" என்றுதான் பொருள். என் கேஸ் ஷீட்டில் அந்தக் கேள்வியை அன்றே மாற்றினேன். திட்டத்தின் ஆரம்பம் அதுதான்.

உறுப்பினர்களின் கருத்தைக் கேட்காமல் தொடங்கவில்லை. ஜூன் மாதம் சுற்றறிக்கை அனுப்பி, பலரை நேரிலும் பார்த்துப் பேசினேன். தேவையில்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஆனால் தயக்கங்கள் நிறைய. பல்லைக் காட்ட வந்தவரின் விரலைக் குத்தினால் அடுத்த முறை வருவாரா என்றார் ஒரு மூத்தவர். பொது மருத்துவர்கள் தங்கள் வேலையில் கை வைப்பதாக நினைப்பார்களே என்றார் இன்னொருவர். சர்க்கரை பார்க்கும் கருவிக்கான ஸ்ட்ரிப் செலவு யார் தலையில், அளவு தப்பாகக் காட்டினால் யார் பொறுப்பு, மாலையில் கூட்டம் நிற்கும்போது ஏது நேரம் என்றெல்லாம் கேட்டார்கள். எல்லாமே நியாயமான கேள்விகள். அமெரிக்கப் பல் மருத்துவர்களிடம் எடுத்து 2010-இல் வெளியான கணக்கெடுப்பிலும், சர்க்கரைக்கு ஸ்கிரீனிங் செய்வது முக்கியம் என்று சுமார் நான்கில் மூன்று பேர் சொன்னார்கள். அங்கே 2018 முதல் பல் கிளினிக்கில் எடுக்கும் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) பரிசோதனைக்குத் தனிக் கட்டணக் குறியீடே இருக்கிறது. நமக்கு அப்படி எதுவும் இல்லை. அதனால்தான் செலவு குறைவான வழியாகப் பார்த்தோம்.

முதல் படி, சென்னையில் உருவான இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண். வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா என்று நான்கே விவரம். மொத்தம் 100 மதிப்பெண். 60 அல்லது அதற்கு மேல் வந்தாலோ, ஈறில் திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டி, வாய் வறட்சி, ஆறாத புண் இருந்தாலோ குளுக்கோமீட்டர். ரேண்டம் 140-ஐத் தொட்டால் சீட்டு எழுதி மருத்துவரிடம் அனுப்புகிறோம். நோய் இருக்கிறது என்று நாம் சொல்வதில்லை, மாத்திரையும் எழுதுவதில்லை. இதை விளக்கியபின் ஊரில் உள்ள பொது மருத்துவர்களில் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை; இரண்டு பேர் சீட்டின் அடியில் பதில் எழுதியே அனுப்புகிறார்கள். நேரம் பற்றிச் சொன்னவர்களுக்கு: ஊசி போட்டு மரத்துப்போகக் காத்திருக்கிறோமே, அந்த ஐந்து நிமிடம் போதும்.

நடைமுறையில் இடறியது இஞ்ச் டேப்தான். பல் சேரில் உட்கார்ந்த பெண்களிடம் இடுப்பளவு கேட்டால் முகம் மாறிவிடுகிறது. உதவியாளர் பெண்ணே தனியாக அழைத்துப்போய் அளந்து, எதற்காக என்றும் சொன்னபிறகு சரியாகிவிட்டது. பெண் உதவியாளர் இல்லாத கிளினிக்குகள் இதைக் கவனிக்க வேண்டும். விரலைக் குத்திய லான்செட் ஊசி குப்பைக்கூடைக்குப் போகக்கூடாது, பயன்படுத்திய ஊசிகளைப் போடும் வெள்ளை டப்பாவுக்குத்தான் போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் என்றும், அதற்கு முந்தைய நிலையில் 13 கோடிக்கு மேற்பட்டோர் என்றும் சொன்னது. ஈறு நோயைச் சர்க்கரை நோயால் வரும் ஆறாவது பாதிப்பு என்று மருத்துவ இதழில் எழுதியது 1993-இல். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 முதல் சர்க்கரை பார்க்க வீடு வீடாகப் போகிறது. விடியற்காலை நான்கு மணிக்குக் கடை திறக்கும் மனிதர் அவர்கள் வரும் நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை. பல்வலி வந்தால் மட்டும் நம்மிடம் வந்துவிடுகிறார்.

இனி வருத்தத்தையும் சொல்ல வேண்டும். 46 உறுப்பினர்களில் 30 பேர், பரிசோதித்தவர்களின் விவரம் எழுதும் பதிவேடு வாங்கிச் சென்றார்கள். நிரப்பித் திரும்ப வந்தது 11. சிலரிடம் நான்கு முறை போன் செய்தேன். "அடுத்த வாரம் சார்" என்று சொன்ன அடுத்த வாரங்கள் எத்தனையோ போய்விட்டன. நவம்பர் 14 உலக நீரிழிவு தினத்தன்று பேருந்து நிலையத்தில் முகாம் போட்டோம். வருவதாகப் பெயர் கொடுத்தவர்கள் பதினைந்து பேர், வந்தவர்கள் ஐந்து பேர். மழை பெய்தது உண்மைதான். அந்த ஐந்து பேரும் அதே மழையில்தான் வந்தார்கள். சந்தா விஷயமும் இதேதான். இரண்டாண்டு பாக்கி வைத்திருப்பவர்கள் ஒன்பது பேர். பெயர்களைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன்.

வரவு செலவு விவரங்களைப் பொருளாளர் தனியே வைப்பார். வரவுக்குள்தான் செலவு நின்றிருக்கிறது, கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. ஸ்ட்ரிப்புகளுக்குச் சங்கம் கொடுத்தது ஒரு பகுதி. மீதியை அந்தந்த கிளினிக்குகளே ஏற்றுக்கொண்டன.

வழிகாட்டிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், கூட்ட அரங்கைக் கட்டணம் இல்லாமல் தந்த மண்டப உரிமையாளருக்கும், சீட்டுகளை அச்சிட்டுக் கொடுத்த அச்சகத்தாருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. அந்தப் பதினோரு பேருக்கும், மழையில் நின்ற ஐந்து பேருக்கும் என் தனிப்பட்ட நன்றி.

வரும் ஆண்டில் இந்த வேலையை ஒருவர் மட்டும் இழுத்துக்கொண்டு போக முடியாது. என் பதவிக்காலம் செப்டம்பரில் முடிகிறது. யார் வந்தாலும் பதிவேடுகளைக் கட்டி ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். வடக்குத் தெருப் பக்கமும் பேருந்து நிலையப் பக்கமும் பொறுப்பெடுக்க இரண்டு இளம் மருத்துவர்கள் வந்தால் போதும், குளுக்கோமீட்டர் நானே தருகிறேன். சந்தா பாக்கி வந்துவிட்டால் ஆண்டு முழுவதற்கும் ஸ்ட்ரிப் வாங்கிவிடலாம் என்று பொருளாளர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

டீக்கடைக்காரர் இப்போது மாத்திரையில் இருக்கிறார். குழி மூடிவிட்டது, ஈறுக்கும் வைத்தியம் நடக்கிறது. போன மாதம் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தார். தம்பிக்குப் பல்லில் ஒன்றும் இல்லை. "இவனுக்கும் அந்த விரல்ல குத்திப் பாருங்க சார்" என்றார்.

மீதமுள்ள 19 பதிவேடுகளையும், நிரப்பியிருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்த மாத இறுதிக்குள் என் கிளினிக்கில் சேர்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். மதியம் ஒன்றரை முதல் நான்கு வரை பூட்டியிருக்கும். பக்கத்து மருந்துக்கடையில் கொடுத்தாலும் வந்துவிடும்.

இப்படிக்கு,
செயலாளர்