மால்ட் மிகுந்த ஐபிஏவை எந்த அளவுகோலால் அளப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூர் உணவகம் ஒன்றில் செட்டிநாட்டு விருந்துடன் சில கிராஃப்ட் பீர்களைச் சுவைத்து மதிப்பெண் வழங்கிய கட்டுரையைத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் படித்தேன். அவற்றில் மால்ட் (முளைக்கவைத்து உலர்த்திய பார்லி) சுவை தூக்கலான இந்தியா பேல் ஏல் (சுருக்கமாக ஐபிஏ) வகை பீர் ஒன்றுக்குக் கட்டுரையாளர் ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் மட்டுமே கொடுத்து, இனிப்பு கூடுதல், கசப்பு போதாது, இதை ஐபிஏ என்று அழைப்பதே தவறு என்று தீர்ப்பும் எழுதியிருந்தார். மலேசியாவில் பீர் ஆலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்று இப்போது சொந்த ஊரான தேவகோட்டையில் வசிக்கும் நான், பெங்களூரில் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது அதே பீரைச் சுவைத்தவன் என்ற முறையில், அந்தத் தீர்ப்பு நியாயமானதன்று என்று கருதுகிறேன். மது அருந்துவதை ஊக்குவிப்பது என் நோக்கமன்று. ஒரு பொருளுக்குப் பொதுவெளியில் மதிப்பெண் இடுகிறோம் என்றால், எதை எதனோடு வைத்து அளந்தோம் என்பதைச் சொல்லும் கடமை நமக்கு உண்டு.

ஐபிஏ என்றாலே கடுங்கசப்பு, அதுவே அதன் மூல வடிவம் என்று கட்டுரை கூறுவதில் பாதி உண்மை இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கு லண்டனின் போ பகுதியில் ஜார்ஜ் ஹாட்ஜ்சன் நடத்திய ஆலையின் வெளிர்நிற பீர், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் பல மாதங்கள் பயணம் செய்து இந்தியத் துறைமுகங்களுக்கு வந்து சேர்ந்தது. 1820களில் இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்தின் ஆல்சாப் ஆலை இந்தச் சந்தையில் இறங்கியது. ஜிப்சம் என்ற கனிமம் கலந்த அந்த ஊர்த் தண்ணீர், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் கசப்பைத் துலக்கமாகக் காட்டியது. அந்தக் காலத்து ஐபிஏ, சர்க்கரை பெரும்பாலும் நொதித்துத் தீர்ந்து, இனிப்புத் தங்காமல் முடியும் பீராகவே இருந்தது. ஆகவே மால்ட் மிகுந்த ஐபிஏதான் பழைய மரபு என்று நானும் வாதிட மாட்டேன். ஆனால் அந்தப் பெயர் அங்கேயே நின்றுவிடவில்லை. அமெரிக்காவில் 1972இல் கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் வகை வெளியிடப்பட்டது. 1975இல் சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை அதைக் கொண்டு லிபர்ட்டி ஏல் காய்ச்சியது. அதன்பின் வந்த சிறு ஆலைகளில் பல, புதிய ஹாப்ஸின் கூர்மையான கசப்புக்கு ஈடாக, கேரமல் சுவை தரும் கிரிஸ்டல் மால்ட்டைச் சேர்த்தன. மேற்குக் கரை ஆலைகள் பிற்காலத்தில் அந்த மால்ட்டைக் குறைத்துக்கொண்டே போயின. வேறு சில ஆலைகள் அதை விடவில்லை. கட்டுரையாளர் ஒரு கிளையின் இலக்கணத்தை வைத்து இன்னொரு கிளைக்கு மதிப்பெண் போட்டுவிட்டார்.

பீர் நடுவர்களுக்குத் தேர்வு நடத்திச் சான்றளிக்கும் பிஜேசிபி என்ற அமெரிக்க அமைப்பு, இத்தகைய பீருக்கெனச் செந்நிற ஐபிஏ என்றொரு வகையைத் தனியே வகுத்திருக்கிறது. அதில் கேரமல், டாஃபி போன்ற மால்ட் சுவைகள் இருக்கலாம். ஆயினும் குடித்து முடிக்கையில் நாவில் பாகு ஒட்டியதுபோல் நிற்கக் கூடாது. கசப்பு 40 முதல் 70 அலகு வரையும், ஆல்கஹால் 5.5 முதல் 7.5 விழுக்காடு வரையும் இருக்கலாம். கசப்பு அலகு என்பது ஒரு லிட்டர் பீரில் உள்ள, ஹாப்ஸிலிருந்து வரும் கசப்புப் பொருளான ஐசோ ஆல்ஃபா அமிலத்தை ஏறத்தாழ மில்லிகிராமில் குறிக்கும் எண். அந்த எண்ணை மட்டும் பார்த்துக் கசப்பை முடிவு செய்துவிட முடியாது. நொதிப்பதற்கு முன் (தண்ணீரின் அடர்த்தியை 1.000 எனக் கொண்டால்) 1.050 அடர்த்தி கொண்ட பீரிலும் 1.065 அடர்த்தி கொண்ட பீரிலும் அதே 55 அலகு இருந்தால், இரண்டாவதில் எஞ்சியிருக்கும் மால்ட் சுவை கசப்பை மென்மையாக்கிவிடும். கசப்பு அங்கே குறைந்திருக்காது. அதற்கு ஈடுகொடுக்க மால்ட் சுவை வந்திருக்கும். கட்டுரையாளர் கசப்பு போதாது என்று எழுதியது இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால்தான் என்று நினைக்கிறேன்.

இவ்வளவு சொன்ன பிறகு, இனிப்பு என்று நாம் உணர்வது எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி இருக்கிறது. சுவைத்து மதிப்பிடும் வேலையில் மிகக் கடினமான பகுதி இதுதான். கிரிஸ்டல் மால்ட் செய்வோர், முளைவிட்ட பார்லியை ஈரத்துடனேயே சூடாக்கி, உமிக்குள்ளேயே மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றி, அதன் பின்பே வறுக்கிறார்கள். அதிலிருந்து வரும் சுவை, கருப்பட்டியைப் பாகு காய்ச்சும்போது எழும் மணத்தைப் போல ஆழமானது, சுத்தமானது. ஆனால் வெண்ணெயும் பாலும் கலந்த மிட்டாய் போன்ற மணம் வந்தால் அதை மால்ட் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது; அது பெரும்பாலும் நொதித்தலின்போது உருவாகும் டைஅசிட்டைல் என்ற வேதிப்பொருள். நொதித்தலின் முடிவில், நொதிக்கச் செய்யும் ஈஸ்ட்டுக்குப் போதிய அவகாசம் தராமல் அதிலிருந்து பீரைப் பிரித்துவிட்டால் அது தங்கிவிடும். நாவில் வழுக்கலாக ஒரு படலம் தோன்றுவதும் அதன் அடையாளம்.

இதைவிட ஏமாற்றக்கூடியது பழசாகிப்போன பீரின் இனிப்பு. ஹாப்ஸின் மணம் முதலில் மங்கும். கசப்பும் மெல்லக் குறையும். ஆக்சிஜனால் தேன் போன்றும், ஈரமான அட்டைப்பெட்டி போன்றும் மணங்கள் எழும். புதிதாக இருந்தபோது சமநிலையில் இருந்த ஐபிஏ, சில மாதங்கள் வெப்பத்தில் கிடந்தால் மால்ட் மட்டுமே தெரியும் பீராக மாறிவிடும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் இந்தக் கெடுதலின் வேகம் இரு மடங்கோ அதற்கு மேலோ ஆகும் என்பது ஆலைகளில் நாங்கள் கையாண்ட பொது விதி. நம் பகுதிக் கோடையில் குளிரூட்டாத கிடங்கில் நின்ற பாட்டிலுக்கு என்ன நேரும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாட்டிலில் சுவைத்ததாகக் கூறும் கட்டுரை, அது அடைக்கப்பட்ட தேதியைக் குறிப்பிடவில்லை. எனக்குக் கிடைத்தது ஆலையிலேயே கெக் என்ற உலோகப் பீப்பாயிலிருந்து ஊற்றியது. இருவரும் ஒரே பீரைத்தான் சுவைத்தோமா என்பதே இதனால் ஐயமாகிறது.

பரிமாறிய முறையும் எனக்கு உறுத்துகிறது. உறைபனி படிந்த கண்ணாடிக் குவளையில் பீர் வந்ததைக் கட்டுரையாளர் பாராட்டியிருக்கிறார். அந்தக் குளிரில் ஹாப்ஸ் மணமும் மால்ட் மணமும் அடங்கிவிடும். ஐபிஏவுக்கு 8 முதல் 12 டிகிரி வரை ஏற்றது. வாய் சற்றுக் குறுகிய கண்ணாடியில் முக்கால் அளவு ஊற்றி, நுரை எழுந்தவுடன் முதலில் மோந்து பார்க்க வேண்டும்.

மதிப்பெண் போட்டது மிளகுக் கோழி வறுவலைச் சாப்பிட்டுக்கொண்டே என்பதையும் கட்டுரையிலிருந்து அறிகிறேன். காரத்தின் எரிச்சலை ஆல்கஹால் கூட்டும். கசப்பும் அந்த எரிச்சலோடு சேர்ந்து முரடாகத் தெரியும். பீரைத் தனியே சுவைத்து மதிப்பெண் எழுதிய பிறகே உணவோடு சேர்த்துப் பார்ப்பது முறை. உணவோடு பார்த்தாலும் இந்த பீருக்கு இரண்டு மதிப்பெண் ஏன் என்பது எனக்கு விளங்கவில்லை. செட்டிநாட்டுச் சமையல் என்றால் காரம் மட்டும் என்று வெளியூர் உணவகங்கள் கற்பித்துவிட்டன. எங்கள் வீடுகளில் கல்பாசியும் மராட்டி மொக்கும் அன்னாசிப்பூவும் அளவாகச் சேரும்; அவற்றை வறுத்தெழும் மண்வாசம் கலந்த மணத்துக்கு, வறுபட்ட மால்ட் இயல்பாகவே இணையானது. கசப்பு மட்டும் மேலோங்கிய ஐபிஏ அந்த மணத்தை மறைத்துவிடும். அன்று மேசையில் இருந்தவற்றில் இந்த விருந்துக்கு மிகப் பொருத்தமானது இதுதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

பிஜேசிபி மதிப்பெண் தாள் மொத்தம் 50க்கானது: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, ஒட்டுமொத்தக் கருத்துக்கு 10. அந்தத் தாளின்படி நான் மணத்துக்கு 8 கொடுத்தேன். ஆரஞ்சுத் தோலும் பைன் பிசினும் தெளிவாக இருந்தாலும் சற்று விரைவில் மறைந்தன. செம்பு நிறத்துக்கும் நிலைத்து நின்ற நுரைக்கும் முழுமையாக 3. சுவைக்கு 15: வறுத்த ரொட்டியும் டாஃபியும் முன்னே வந்து, கசப்பு பின்னால் உறுதியாக எழுந்தது, ஆனால் முடிவு இன்னும் கொஞ்சம் இனிப்பற்றதாக இருந்திருக்கலாம். கனத்துக்கு 4, ஒட்டுமொத்தமாக 7. ஆக 37, அந்த அமைப்பின் வரிசையில் 30 முதல் 37 வரை மிக நன்று என்ற நிலை. குறை இல்லாத பீர் என்று நான் கூறவில்லை என்பதை இதிலிருந்தே அறியலாம்.

இனி இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது பீரின் வகை, அடைத்த தேதி, பரிமாறிய வெப்பநிலை ஆகியவற்றை மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையாளர் அதே பீரைப் புதிதாக, உணவில்லாமல், சரியான வெப்பத்தில் மறுபடி சுவைத்து, அதன் பிறகும் இரண்டு மதிப்பெண்தான் என்று காரணத்தோடு எழுதினால், அதை மறுத்து நான் கடிதம் எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தேவகோட்டை