கூடுதல் விளக்குக்கு எந்தக் கவுன்ட்டரில் மனு கொடுப்பது?

தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். வால்பாறைப் பக்கம் எஸ்டேட் பாதைகளில் ஜீப் ஓட்டுகிறவன் எழுதுகிறேன். எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும் எல்இடி பார் என்ற நீள விளக்குகளுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. பொள்ளாச்சி ரோட்டில் கூரை முழுக்க விளக்கை எரியவிட்டு வருகிறவர்களைப் பிடித்து அபராதம் போட்டால் எனக்குச் சந்தோஷம்தான்.

நான் கேட்பது வேறு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 111-ஆவது விதி, வண்டியின் முன்புறம், ஒளியைக் குவித்துத் தூரமாக அடிக்கும் ஸ்பாட் லைட், சர்ச் லைட் பொருத்தக் கூடாது என்கிறது. விதிவிலக்கான சூழ்நிலையில் பதிவு அதிகாரியின் முன் அனுமதியோடு பொருத்தலாம் என்றும் அதுவே சொல்கிறது. சரி, அந்த அனுமதியை எப்படி வாங்குவது? ஆர்டிஓ ஆபீசில் விசாரித்தேன். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். எந்தப் படிவம், யாரிடம் மனு, எவ்வளவு கட்டணம், ஒன்றுக்கும் பதில் இல்லை. அபராதம் மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏற ஏற மூட்டம் இறங்கிவிட்டால், ஹெட்லைட்டை பிரைட்டில் போட்டதும் முன்னால் வெள்ளைச் சுவர்தான். கூரையில் மாட்டிய பார் இன்னும் மோசம். வெளிச்சம் பானெட்டில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. உதவுவது பம்பரில், டிம் விளக்குக்கும் கீழே, பக்கவாட்டில் விரிந்து மேலே ஏறாமல் வெட்டினாற்போல் நிற்கும் ஒளியுள்ள ஒரு ஜோடி ஃபாக் லேம்ப், அதாவது மூட்ட விளக்கு. அதில்தான் ரோட்டோரக் கல் தெரியும். ஆனால் கடையில் ஃபாக் லேம்ப் என்ற பெயரில் தருவதில் பாதி, எந்தத் தர முத்திரையும் இல்லாத ஸ்பாட் லைட். வண்டியை நிறுத்துகிற காவலருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை; இரண்டுக்கும் ஒரே திட்டு.

வயரிங்கும் பயம்தான். 55 வாட் பல்பு இரண்டு என்றால் 12 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியருக்கு மேல் இழுக்கும். விளக்குக்குத் தனி வழியில் கரன்ட் கொடுக்கும் ரிலேயும் ஃபியூஸும் இல்லாமல் ஹெட்லைட் வயரிலேயே முறுக்கிவிடுகிறார்கள். வயர் சூடேறி உருகத்தான் செய்யும். ஒளிந்து செய்கிற வேலையை யார் சோதிப்பது? அனுமதி என்று ஒன்று இருந்தால் மோட்டார் வாகன ஆய்வாளர் இதையும் பார்த்துவிடுவாரே.

ஸ்பாட் லைட் எனக்கு வேண்டியது எஸ்டேட்டுக்குள், எதிர் வண்டியே வராத சேற்றுப் பாதையில். பொதுச் சாலைக்கு வந்தால் ஒளி கசியாத உறை போட்டு மூடிவிட வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். ஆஸ்திரேலியாவில் பிரைட் எரியும்போது மட்டுமே தூரம் அடிக்கும் கூடுதல் விளக்கு எரியும்படி இணைக்கச் சொல்கிறார்கள்; தனி சுவிட்சும் வேண்டும். அதையும் சேர்க்கலாம். புலிகள் காப்பகத்துக்குள் எரியவே கூடாது என்றும் எழுதுங்கள், யானை முகத்தில் விளக்கடித்து வேடிக்கை பார்க்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

எத்தனை விளக்கு, எவ்வளவு உயரம், எந்தத் தர முத்திரை, மனுவை யாரிடம் கொடுப்பது என்று எல்லா ஆர்டிஓ அலுவலகங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அது வந்த வாரமே மனுவோடு வண்டியையும் ஆய்வுக்குக் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
மலைப்பாதை ஜீப்காரன் ஒருவன்