மாதிரித் தேர்வுக்கு முன் உனக்கு

திருவையாறு
ஆனி 12

அன்பு குமாருக்கு,

நலம், நலமறிய ஆவல். கல்லணை திறந்தாச்சு, குடமுருட்டியிலும் தண்ணீர் ஓடுகிறது. மேல்காற்றுதான் காலையிலேயே தூக்குகிறது. ராடு என்கிற தூண்டில் கம்பால் கனமான லைனை வீசி, அதன் நுனியில் கட்டிய இலேசான செயற்கைப் பூச்சியை எறிகிற ஃபிளை காஸ்டிங்கில் பயிற்றுநர் தேர்வுக்குப் போகும் நம் பசங்களுக்கு மாதிரித் தேர்வு வைக்கிறேன் என்று எழுதியிருந்தாய். ரொம்பச் சந்தோஷம்.

நீ நிற்கும் இடம் முக்கியம். பக்கவாட்டில் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி நின்றால்தான் லூப், அதாவது லைன் காற்றில் மடிந்து போகும் வளைவு, முழுசாகத் தெரியும். வெளுத்த வானத்தில் லைன் கரைந்துவிடும். மைதானத்துக்குத் தெற்கே நின்றுகொள், எதிரே தென்னை வரிசை இருண்டு நிற்கும். ராடு ஒரே தளத்தில் போய் வருகிறதா, கோணுகிறதா என்று பார்க்க மட்டும் பின்னால் போ.

தூரத்தில் மயங்காதே. கண் ராடின் நுனியில் இருக்கட்டும். நுனி நேர்கோட்டில் ஓடினால் லூப் குறுகும். வானவில் மாதிரி வளைந்தால் லூப் அகலும். நடுவில் குழிந்து எழுந்தால் லூப்பின் மேல்பக்கம் கீழ்ப்பக்கத்தை வெட்டிக்கொண்டு போகும். டெய்லிங் லூப் அதுதான்.

பசங்க அதிகம் தோற்பது இங்கேதான். லைன் முனையில் கட்டும் மெல்லிய நூலான லீடரில் முடிச்சு விழுந்தால் பழியைக் காற்றின் மேல் போடுவார்கள். பின்வீச்சு முடிந்து லைன் நீளும்வரை காத்திருக்கும்போது கையைப் பார்: தன்னையறியாமல் முன்னால் ஊர்ந்திருக்கும். வீசுவதற்கு இருந்த கோணத்தில் பாதி அங்கேயே போய்விடும். மிச்சக் கோணத்தில் வெடுக்கென்று குத்துவார்கள், ராடு அளவுக்கு மேல் வளையும், நுனி குழியும். "மெதுவாக வீசு" என்று சொல்லித் தீராது. கையை நிறுத்திய இடத்திலேயே வைக்கச் சொல்.

பில் கேமலும் அவர் அப்பா ஜே கேமலும் இந்த வீச்சுக்கு வகுத்த ஐந்து அடிப்படைகள் உனக்கே தெரியும். அவற்றில் வரும், லைன் நீள நீள வீச்சும் காத்திருப்பும் நீள வேண்டும் என்பதைச் சோதிக்க 20 அடி, 35 அடி, 50 அடி என்று மாற்றிக் கேள். ஐந்தாம் எண் லைனின் முதல் 30 அடியின் எடை 140 கிரெயின், சுமார் 9 கிராம். குறையைப் பிடிக்கப் பார்க்கும்போது அதைவிடக் குறைவாக வெளியே விட்டால் ராடு சரியாக வளையாது, குறையும் ஒளிந்துகொள்ளும்.

அழகாக வீசுகிறவனுக்கு உடனே டிக் போட்டுவிடாதே. குறுகிய லூப், அகல லூப், டெய்லிங் லூப் மூன்றையும் கேட்டபோது வேண்டுமென்றே போட்டுக் காட்டட்டும். ஏன் வந்தது, எப்படித் திருத்துவது என்று ஒரு புதுப் பையனுக்கு இரண்டே வாக்கியத்தில் சொல்லட்டும். என் கணக்கில் பாதி மதிப்பெண் அதற்குத்தான்.

மேற்கே பார்த்து வீசச் சொன்னால் எதிர்காற்றுக்குப் பின்வீச்சை உயர்த்தி முன்வீச்சைத் தாழ்த்துகிறானா என்றும் தெரிந்துவிடும். பக்கக்காற்று லைனை வீசும் கைப்பக்கமிருந்து உடம்பின் மேல் தள்ளினால், ராடை மறுதோளுக்கு மேல் சாய்த்து வீசணும்.

தூண்டில் முள் கட்ட விடாதே. சிவப்புக் கம்பளி நூல் துண்டு போதும். கண்ணாடி, தொப்பி இல்லாதவனை மைதானத்தில் இறக்காதே. லைன் அரிதாளிலும் மணலிலும் உரசியிருந்தால் ஈரத்துணியால் துடைத்த பிறகு தேர்வைத் தொடங்கு. மதிப்பெண் தாளை எனக்கும் ஒரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
சேகர்