பாப்பாவுக்கு, செடி விஷயமாக

கொளத்தூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

நீ அனுப்பிய மீன்தொட்டிப் படம் வந்தது. படம் மட்டும்தான், கீழே ஒரு வரிகூட இல்லை. 'செடியெல்லாம் போச்சுப்பா' என்றாவது எழுதியிருக்கலாம். போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கபோம்பா துண்டு துண்டாக மிதக்கிறது. சிவப்பு லுட்விஜியாவில் இலையே இல்லை, குச்சிதான் நிற்கிறது. மிஞ்சியது ஒரு ஜாவா ஃபெர்ன். அதையும் மணலுக்குள் புதைத்து வைத்திருக்கிறாய்.

முட்டைக்குத் தயாரான ஏஞ்சல் மீன் ஜோடியில் எது ஆண் எது பெண் என்று பத்து வயதிலேயே சொல்லிவிடுவாய். மொத்தமாக மீன் எடுக்க வருகிறவர்கள் 'பாப்பாவைக் கூப்பிடுங்க' என்பார்கள். எனக்கு அப்போது நெஞ்சு நிறைந்துபோகும். அப்படிப்பட்டவள் மலாவி மீன் ஓடுகிற தொட்டியில் போய்க் கபோம்பா நடலாமா? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்ல மாட்டேனா?

மீன் மேல் தப்பில்லை. ஆப்பிரிக்காவில் மலாவி ஏரியில் பாறை மேல் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்று வளர்ந்த கூட்டம் அது. அதன் முன்னால் மெல்லிசு இலையை நட்டால் கீரைக்கட்டை அவிழ்த்துப் போட்ட மாதிரிதான். தின்னாததையும் மணலைத் தோண்டி வேரோடு கிளப்பிவிடும்.

அனுபியாஸ் வை. இலை தோல் மாதிரி தடிமன், மீனுக்கு ருசிக்காது. இஞ்சி போலப் படுத்திருக்குமே ஒரு தண்டு, அதை மட்டும் மணலில் புதைக்காதே, அழுகிவிடும். கல்லில் கட்டு. ஜாவா ஃபெர்னுக்கும் அதேதான், இன்றைக்கே பிடுங்கிக் கல்லில் கட்டு. பருத்தி நூல் சீக்கிரம் மக்கிவிடும், தூண்டில் நரம்பு நல்லது. ஃபெவிக்விக் மாதிரிப் பசை அங்கே என்ன பேரில் கிடைக்கிறதோ, அது ஒரு சொட்டு வைத்தாலும் ஒட்டிக்கொள்ளும். ஃபெர்ன் இலைக்கு அடியில் வரிசையாகக் கறுப்புப் புள்ளி வந்தால் பயப்படாதே, அது நோயில்லை, வித்து.

தண்ணீர் உனக்கு வாய்த்திருக்கிறது. கெட்டிலில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது என்று அலுத்துக்கொண்டாயே, லண்டன் தண்ணீரில் அவ்வளவு சுண்ணாம்பு. இந்த மீனுக்கு அதுதான் வேண்டும், பிஎச் 8-ஐ ஒட்டி இருக்கட்டும். வாலிஸ்னேரியாவும் அதில் நன்றாக வரும், மலாவி ஏரியிலேயே முளைக்கிற செடிதான். நடும்போது குருத்து மணலுக்கு மேலே தெரிய வேண்டும். வேரைச் சுற்றிக் கனமான கல்லாக அடுக்கு, இல்லாவிட்டால் மறுநாள் மிதக்கும். முதல் இரண்டு வாரம் பழைய இலை கரையும். செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதே, வேர் இருந்தால் துளிர்க்கும்.

விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். படத்தில் சுவர்க்கடிகாரம் இரண்டரை காட்டுகிறது. ஜன்னலுக்கு வெளியே இருட்டு. அந்த நேரத்தில் தொட்டி விளக்கு ஏன் எரிகிறது? ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் போதும். அனுபியாஸ் மாதம் ஒரு இலை விட்டாலே பெரிது, வெளிச்சம் கூடினால் அந்த இலை மேலும் பாசி ஏறும். மீனுக்கும் தூக்கம் வேண்டும். யாராயிருந்தாலும் ராத்திரியில் தூங்க வேண்டும்.

தொட்டி இருக்கிற மூலையில் தீபாவளிக்கு வீடியோவில் பேசியபோது மாப்பிள்ளையின் மேசை இருந்தது. நல்ல இடம்தான், வெயில் நேராகப் படாது.

இடது ஓரத்தில் கறுப்புக் கோடு போட்ட மஞ்சள் மீன் ஒன்று தெரிகிறது, ஆரட்டஸ். இப்போது அழகாகத்தான் இருக்கும். ஆணாக இருந்தால் வளர்ந்ததும் கறுத்துவிடும், தொட்டியே தன்னுடையது என்று மற்றதை மூலைக்குத் துரத்தும். மலாவி ஏரி 500 கிலோமீட்டருக்கு மேல் நீளம், துரத்தினால் ஓடித் தப்பிக்கலாம். நாலடித் தொட்டியில் எங்கே ஓடும்? போகப் போகச் சரியாகிவிடும் என்பார்கள். ஆகாது, முப்பது வருடமாகப் பார்க்கிறேன். கல்லை மாற்றி அடுக்கிப் பார். அப்படியும் அடங்காவிட்டால் பிரித்துவிடு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. எதிர்வீட்டு அத்தை உன்னைக் கேட்டார்கள், நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிவைத்தேன். அனுபியாஸ் தண்டை மணலில் புதைக்காதே, சொன்னேன் அல்லவா?

மஞ்சள் லேப் மீனில் ஒன்று தாடை உப்பி, தீனிக்கு வராமல் கல்லுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றால் மருந்து ஊற்றிவிடாதே. வாயில் முட்டை வைத்திருக்கும். மூன்று வாரம் தின்னாது. தொந்தரவு பண்ணாமல் விட்டால் தானே வாய் திறக்கும்.

இதை எழுதிவிட்டு ரொம்ப நேரம் பேனாவை மூடிவைத்திருந்தேன், பாப்பா.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ராத்திரி பின்பக்கம் வந்து நின்றாய். நான் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். 'அப்பா, ஒண்ணு சொல்லணும்' என்றாய். உன் முகத்தைப் பார்த்ததுமே என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பத்திரிகை கொடுத்தாயிற்று, மண்டபத்துக்குப் பணம் கட்டியாயிற்று. 'தண்ணி மாத்திட்டு வரேன், நீ போய்ப் படு' என்றேன். கால்வாசி மாற்றினால் போதும், உனக்கே தெரியும். அன்றைக்கு நாலு தொட்டியையும் முழுக்க இறைத்தேன், உன் அறை விளக்கு அணைகிற வரைக்கும்.

விடிந்து பார்த்தால் பதினோரு ஏஞ்சல் மேலே மிதந்தது. கரண்ட் போய் ஏர் பம்ப் நின்றுவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். நீ என்னையே பார்த்தாய். கரண்ட் போகவில்லை. உன் அறையில் ராத்திரி முழுக்க ஃபேன் ஓடியது, உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நீ எதையும் என்னிடம் சொல்ல வரவில்லை. நானும் வா என்று கூப்பிடவில்லை.

உனக்கு ராத்திரி இரண்டரை என்றால் இங்கே காலை எட்டு. குஞ்சுகளுக்கு ஆர்டீமியா போட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பேன். அம்மா அப்போது கோயிலுக்குப் போயிருப்பாள். தண்ணீர் மாற்றுவதை இப்போது சாயங்காலத்துக்குத் தள்ளிவிட்டேன். செடி விஷயமாகத்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை.

அப்பா