புதிய நிலையத்தில் தனுஷ்கோடிக்கும் ஓர் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராமேஸ்வரம் ரயில் நிலையம் சுமார் 90 கோடி ரூபாயில் புதிதாகக் கட்டப்படுவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். லிஃப்ட், நகரும் படிக்கட்டு, வாகன நிறுத்துமிடம் என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தீர்கள். நடுவே, ‘கோயிலுக்காக வந்த ரயில்’ என்று ஒரு வரி. அந்த வரிதான் என்னை எழுத வைத்தது.

கோயிலுக்காக மட்டும் என்றால் வெள்ளைக்காரன் கடலுக்குள் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் பாலம் போட்டிருப்பானா? அவன் கண் இலங்கை வியாபாரத்தின் மேல் இருந்தது. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு, சென்னையில் ரயில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடியும் ரயிலில் கொழும்பு சேர்ந்தார். இப்படிக் கப்பலோடு இணைந்து ஓடிய ‘போட் மெயில்’ ரயிலின் பெருமையெல்லாம் அதில்தான் இருந்தது. அன்றைக்குப் பெரிய நிலையம் தனுஷ்கோடி. பாம்பனில் பிரியும் கிளைப் பாதையின் கடைசியில் இருந்ததுதான் நம்முடைய ராமேஸ்வரம்.

என் தந்தை தனுஷ்கோடியில் போர்ட்டராக இருந்தவர். அவர் கையில் கட்டியிருந்த பித்தளை வில்லை இன்னும் என்னிடம் இருக்கிறது. எண் தேய்ந்துபோய், விரலால் தடவிப் பார்த்தால்தான் பிடிபடும். இலங்கைக்குப் போகிறவர்கள் கூலிக்குப் பேரம் பேசுவார்கள், அங்கிருந்து திரும்பி வருகிறவர்கள் கேட்டதைக் கொடுப்பார்கள் என்று சொல்லிச் சிரிப்பார்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் வண்டி, தனுஷ்கோடியை நெருங்கும் நேரத்தில் புயல் அலையில் சிக்கியது. பயணிகளும் பணியில் இருந்த ஊழியர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பாம்பன் பாலத்தின் கர்டர்களில் (தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்களில்) பெரும்பாலானவற்றைக் கடல் இழுத்துக்கொண்டு போனது. விழுந்த கர்டர்களைக் கடலிலிருந்து மீட்டெடுத்து, ரயில்வே பொறியாளர் இ.ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாட்களில் பாலத்தைச் சரிசெய்துவிட்டார்கள். தனுஷ்கோடிப் பாதையை மட்டும் கைவிட்டுவிட்டார்கள். கிளைப் பாதை முனையாக இருந்த ராமேஸ்வரம் அதன் பிறகுதான் எல்லா வண்டிகளும் வந்து நிற்கும் ஊரானது. தலைமன்னார் கப்பலும் இங்கிருந்தே சில காலம் போய்வந்தது. இலங்கையில் போர் மூண்டதும் அதுவும் நின்றது.

2007-ல் அகலப் பாதை வந்ததும், 2022 டிசம்பரில் பழைய பாலம் மூடப்பட்டு வண்டிகள் மண்டபத்தோடு நின்றதும், 2025 ஏப்ரல் 6 அன்று புதிய தூக்குப் பாலம் திறக்கப்பட்டதும் தங்கள் வாசகர்கள் அறிந்தவை. தனுஷ்கோடி வரை மீண்டும் ரயில் விட 2019-ல் அடிக்கல் நாட்டி, பின்பு கைவிட்டதும் தெரிந்ததே. அந்த மணல்மேட்டுக்கு இனி ரயில் வேண்டாம் என்பதே என் எண்ணம். ஆனால் அந்த ஊரின் கதை இந்த நிலையத்துக்குள் இருக்க வேண்டும்.

நான் ரயில்வேயில் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வடக்கேயிருந்து வரும் யாத்ரீகர்கள், “தனுஷ்கோடிக்கு வண்டி எப்போது?” என்று கேட்பார்கள். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருக்கும்; “வண்டி கிடையாது, பஸ்ஸில் போங்கள்” என்பதற்கு மேல் என்ன சொல்ல முடியும்?

ஆகவே ரயில்வே அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். புதிய கட்டடத்தில் ஒரு சுவரை ஒதுக்குங்கள். பழைய பாதையின் வரைபடம், போட் மெயில் படம் ஒன்று, அன்றிரவு இறந்தவர்களில் பதிவேட்டில் இருக்கும் பெயர்கள், இவை போதும். எழுத்துகள் முதலில் தமிழில் இருக்கட்டும். அந்தச் சுவர் கழிவறைக்குப் போகும் வழியிலோ ஏ.டி.எம். இயந்திரத்துக்குப் பின்னாலோ வேண்டாம். டிக்கெட் கவுண்டருக்கு நேர் எதிரே, வரிசையில் நிற்பவர்கள் படிக்கும்படி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்,
ராமேஸ்வரம்.